ஒரு வரிதானே என்று அழித்தேன்



இந்த முறை பழைய தாலுக்கா ஆபீஸ் கதை ஒன்றை எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் நானே ஒரு தப்பு செய்துவிட்டேன். பழைய கதையைவிட அதைச் சொல்வதுதான் நாணயம்.

எங்கள் பிள்ளைச்சாவடியில் அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவது வழக்கம். மீனவ ஊர்களில் பழகியவர்களுக்குத் தலைக்கட்டு என்றால் என்னவென்று தெரியும். கல்யாணம் ஆகித் தனியாக அடுப்பு மூட்டிய ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. பெயர் பட்டியலில் இருந்தால்தான் வரி. வரி கட்டினால்தான் ஊர்க்கூட்டத்தில் பேச்சு, பங்கில் உரிமை. ஆகவே அந்த நோட்டுப் புத்தகம் எங்களுக்குச் சாதாரண நோட்டு இல்லை.

அந்த நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும்படி பஞ்சாயத்தார் என்னிடம் கொடுத்தார்கள். கிளார்க் உத்தியோகம் பார்த்தவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? என் பேத்தி கம்ப்யூட்டர் படிக்கிறாள். ‘தாத்தா, இதுக்கு வேர்டு வேணாம். நாங்க புரோகிராம் எழுதுற எடிட்டரே போதும். தெருப் பேரை ஓரத்துல அடிங்க. தலைக்கட்டுப் பேரை ஒரு டேப் உள்ள தள்ளி அடிங்க. அந்த வூட்டு ஆளுங்களை இன்னொரு டேப் உள்ள தள்ளுங்க. யாரு எந்த வூடுன்னு பார்த்தவுடனே தெரியும்’ என்றாள்.

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. சிறுவயதில் பிரெஞ்சுப் பள்ளியில் டிக்தே எழுதும்போது வாத்தியார் ‘அ லா லீஞ்’ என்பார். அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். புதுப் பத்தியை இரண்டு விரல் உள்ளே தள்ளித்தான் தொடங்க வேண்டும். தள்ளாவிட்டால் மார்க்கு குறையும். பிறகு ஆபீசில் ஸ்டேட்மென்ட் டைப் அடித்தபோதும் இதே டேப் சாவிதான். டேப் என்பதே டேபுலேட்டர் என்பதன் சுருக்கம். டைப்ரைட்டரில் அட்டவணை அடிக்க வந்த சாவி, இன்று கம்ப்யூட்டர் பிள்ளைகள் கையில் வேறு வேலை பார்க்கிறது.

என்ன வேலை என்று பேத்தி விளக்கினாள். பைத்தான் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி. ஹாலந்துக்காரர் கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டது. அதில் உள்ளே தள்ளி எழுதுவது அழகுக்காக இல்லை, அதுவே இலக்கணம். ‘மழை பெய்தால்’ என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே நான்கு வரிகளை உள்ளே தள்ளி எழுதினால், அந்த நான்கும் மழை பெய்தால் மட்டுமே நடக்கும். ஐந்தாவது வரியை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அது மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நடக்கும். சி போன்ற மொழிகளில் இதையே வளைவு அடைப்புக்குறி போட்டுக் காட்டுவார்களாம். தமிழிலேயே எழுதக்கூடிய ‘எழில்’ என்ற கணினி மொழியில் அந்தத் தொகுதி முடியும் இடத்தில் ‘முடி’ என்று எழுதுகிறார்கள். பைத்தானில் முடி கிடையாது. ஓரத்தில் விட்ட இடம்தான் எல்லை.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கடற்கரை வருஷா வருஷம் கரைந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். 1980-களில் புதுவைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் வடக்கே வராமல் நின்றது. வடக்கே இருக்கும் ஊர்களைக் கடல் அரிக்கிறது. எங்கள் கிழக்குத் தெருவில் கடலோரமாக இருந்த வீடுகள் போய்விட்டன. குடும்பங்கள் சாலைக்கு மேற்கே வாடகைக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்விட்டார்கள். ‘அந்தத் தெருதான் இல்லையே, பட்டியலில் அந்தத் தலைப்பை எடுத்துடுங்க’ என்றார் பஞ்சாயத்தில் ஒருவர்.

எடிட்டரில் ஒரு வசதி உண்டு. தலைப்பு வரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால், கீழே உள்ளே தள்ளி இருக்கும் அத்தனை வரிகளும் மடிந்துகொள்ளும். தலைப்பு மட்டும் தெரியும். என் கண்ணுக்குப் பட்டியல் நீளமாக இருந்ததால் எல்லாத் தெருக்களையும் அப்படி மடித்துவைத்திருந்தேன். கிழக்குத் தெரு என்று ஒரே ஒரு வரி தெரிந்தது. அதன் மேல் மௌசை இழுத்தேன். நீலமாயிற்று. டிலீட் அடித்தேன். போயிற்று. சேமித்தேன். லேப்டாப்பை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

அந்த ஒரு வரிக்குள் 11 தலைக்கட்டும் அவர்களுடைய 44 ஆட்களும் மடிந்து கிடந்தார்கள்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் எடிட்டர் என்னை எச்சரித்தது. இடது ஓரத்தில் வரி எண் போட்டிருக்கும். கிழக்குத் தெரு 41-ஆம் வரி. அடுத்துத் தெரிந்த தெரு 97-ஆம் வரி. ஆபீசில் ஒரு கோப்பில் பக்க எண் 41-க்குப் பிறகு 97 வந்தால் என் மேலதிகாரி என்னைச் சும்மா விட்டிருப்பாரா? நானே என் கீழ் வேலை செய்தவர்களை விட்டிருப்பேனா? திரையில் பார்த்தபோது அது எண்ணாகவே மனசில் பதியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் திருவிழா வரி போட்டார்கள். ஒரு மதியம் கிழக்குத் தெருவில் இருந்த ஒரு விதவைப் பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் வரிப் பணம். பஞ்சாயத்தார் பட்டியலைப் பார்த்துவிட்டு, பெயர் இல்லை என்று வாங்கவில்லையாம்.

‘அண்ணே, வூடுதான் கடல்ல போச்சு. பேருமா போச்சு?’ என்றாள்.

நான் அரசாங்கத்தில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ‘தப்பு என்னுது தங்கச்சி, உட்காரு’ என்று மட்டும் சொன்னேன்.

பேத்தியைக் கேட்டால், ‘அப்பவே கண்ட்ரோல் இசட் அடிச்சிருந்தா வந்திருக்கும் தாத்தா. மூடினப்புறம் கஷ்டம்’ என்றாள். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 9 தலைக்கட்டு அதில் இருந்தன. கடைசி இரண்டும் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு கல்யாணமாகித் தனியான பிள்ளைகள். நோட்டில் ஏறவே இல்லை. மருமகள்கள், குழந்தைகள் பலரும் நோட்டில் இல்லை. மூன்று நாள் வீடு வீடாக நடந்து எழுதிவந்தேன். இந்த முழங்காலுக்கு அது சரியான தண்டனை.

நடக்கும்போது யோசித்ததைத்தான் இங்கே வைக்கிறேன். சிலருக்கு ஒப்பாமல் போகலாம்.

முதலில், அழிப்பது எழுதுவதைவிடப் பெரிய வேலை. அதை எழுதுவதைவிடச் சுலபமாக ஆக்கி வைத்திருக்கிறோம். நான் ஆபீசில் பார்த்த பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை நினைத்துக்கொண்டேன். 1804-ஆம் வருஷத்துப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 42-ஆவது பிரிவு அந்தப் பதிவேடுகளுக்கு விதி வைத்தது. வெற்றிடம் விடாமல் தொடர்ந்து எழுத வேண்டும். சொற்களைச் சுருக்கக் கூடாது. தேதியை எண்ணால் எழுதக் கூடாது, எழுத்தால்தான் எழுத வேண்டும். அடித்தல் இருந்தால் அதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். நொத்தேர் பத்திரங்களிலும் கடைசியில் ‘மோ ரெயே நுல்’ என்று எண்ணிக்கையோடு எழுதுவார்கள். இத்தனை சொற்கள் அடிக்கப்பட்டன, அவை செல்லா என்று அர்த்தம். அடித்த சொல் கோட்டுக்கு அடியில் படிக்கத் தெரியும். யார் அடித்தார் என்பதும் தெரியும். மூன்று சொல்லை அடிக்க மூன்று பேர் கையெழுத்து. நான் 56 வரியை அடிக்க ஒரு விரல்.

நம் இந்திய அரசியல் சட்டமும் இந்த விஷயத்தில் நல்ல கிளார்க். 19-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவில் உரிமைகளை உள்ளே தள்ளி ஒவ்வொரு எழுத்தாக வரிசையிட்டிருப்பார்கள். அதில் சொத்துரிமை ஆங்கில எழுத்து எஃப். 1978-ஆம் வருஷத்து 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அது 1979 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் அடுத்திருந்த ஜி-யை எஃப் ஆக்கவில்லை. இன்றைக்கும் ஈ-க்கு அடுத்து எஃப் இருந்த இடம் காலியாகக் காட்டப்பட்டு, பிறகுதான் ஜி. எஃப் எங்கே என்று கேட்கிற மாணவனுக்குப் பதில் அடிக்குறிப்பில் இருக்கிறது. தொகுதியைச் சரியாக அதன் ஆழம் பார்த்து எடுத்தார்கள், தடத்தை எடுக்கவில்லை. வாக்காளர் பட்டியலிலும் பாருங்கள். நீக்கிய பெயருக்குத் துணைப்பட்டியல் இருக்கிறது. இறந்தவர், இடம் மாறியவர், இருமுறை பதிவானவர் என்று காரணத்துக்கு ஓர் எழுத்தும் இருக்கிறது.

இதைப் பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் விடவில்லை. ‘எதையும் அழிக்காம வச்சிருந்தா அதுவும் ஆபத்துதான் தாத்தா’ என்று இரண்டு கதை சொன்னாள். இரண்டும் கேட்க வேண்டியவை.

ஒன்று, அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்குச் சந்தை நிறுவனம். அவர்கள் கம்ப்யூட்டரில் 2003-லிருந்து பயன்படுத்தாத ஒரு பழைய தொகுதி நீக்கப்படாமலே கிடந்தது. 2012-ல் எட்டு கம்ப்யூட்டர்களில் புதிய நிரலை ஏற்றும்போது ஒன்று விட்டுப்போயிற்று. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சந்தை திறந்ததும், அந்த ஒரு கம்ப்யூட்டரில் செத்துக் கிடந்த பழைய தொகுதி எழுந்து தாறுமாறாகப் பங்கு வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இரண்டாவது, ஆப்பிள் நிறுவனம். 2014 பிப்ரவரியில் தெரியவந்தது. இணையத்தில் எதிர்முனையில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் நிரலில் ‘சரியில்லை என்றால் வெளியே போ’ என்று ஒரு கட்டளை. அதன் கீழே ‘வெளியே போ’ என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி இருந்ததால், படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டதாகத் தெரிந்தது. ஆனால் அது சி மொழி. அந்த மொழியில் உள்ளே தள்ளுவதற்கு அர்த்தம் இல்லை, அடைப்புக்குறிக்குத்தான் அர்த்தம். அடைப்புக்குறியும் போடவில்லை. ஆக இரண்டாவது ‘வெளியே போ’ எப்போதும் நடந்தது. மீதிச் சோதனை நடக்கவே இல்லை. ஒரே ஒரு வரியை அழிக்காமல் விட்டதால் ஐபோன்களின் காவல் கதவு திறந்து கிடந்தது.

ஆக, அழிக்க வேண்டியதை அழிக்காததும் குற்றம். அழிக்கக் கூடாததை அழித்ததும் குற்றம். எது எதற்குள் இருக்கிறது என்று பார்க்காததுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம்.

இன்னொரு விதமான தப்பையும் பேத்தி காட்டினாள். எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது. நான் மடிக்காமல், தலைக்கட்டு வரியை மட்டும் அழித்திருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருந்த ஆட்களின் வரிகள் அப்படியே நிற்கும். மேலே இருக்கும் அடுத்த வீட்டுக்காரரின் ஆட்களும் அதே அளவு உள்ளே இருப்பதால், இவர்கள் அந்த வீட்டோடு ஒட்டிக்கொள்வார்கள். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. பைத்தான் நிரலிலும் இப்படித்தான். தலை வரியை எடுத்துவிட்டால், சில சமயம் கம்ப்யூட்டர் தவறு என்று கத்தும். சில சமயம் அநாதை வரிகள் மேல் தொகுதியோடு சேர்ந்துகொண்டு சத்தமில்லாமல் ஓடும். கத்துகிற தப்பு நல்ல தப்பு. சத்தமில்லாத தப்புதான் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தின் கார்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதற்கெல்லாம் பிள்ளைகளிடம் வழி இல்லாமல் இல்லை. 1976-ல் அமெரிக்காவில் பில் ஜாய் என்பவர் எழுதிய ‘வி ஐ’ என்ற பழைய எடிட்டர் ஒன்று உண்டு. அதை வளர்த்து ‘விம்’ என்று 1991-ல் வெளியிட்டவர் பிராம் மூலனார் என்ற ஹாலந்துக்காரர். 2023 ஆகஸ்டில் காலமானார். விம்மை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் உகாண்டாவில் இருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்ட மனிதர். அந்த விம்மில் ஒரு வரியையோ பல வரிகளையோ அழித்தால் அவை உடனே மறைந்துவிடுவதில்லை. கடைசியாக அழித்த ஒன்பது தொகுதிகளை ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு வைத்துக்கொள்கிறது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ரெஜிஸ்டர். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே விம்மில் மடித்த தொகுதியின் மேல் அழிக்கும் கட்டளை கொடுத்தால் மடிப்போடு மொத்தமும் போகும் என்றும் சொன்னாள். ஆக என் எடிட்டர் மட்டும் கெட்டது இல்லை. மடிப்பு என்றால் அப்படித்தான்.

அதைவிட நல்லது ‘கிட்’ என்ற ஏற்பாடு. லைனக்ஸ் எழுதிய லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் செய்தது. ஒவ்வொரு தடவை மாற்றி முடித்ததும், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுதிப் பதிய வேண்டும். பிறகு பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் கேட்டால், நீக்கிய வரிகள் கழித்தல் குறியோடு சிவப்பாகவும், சேர்த்தவை கூட்டல் குறியோடு பச்சையாகவும் தெரிகின்றன. சிவப்பு வரியைப் பார்த்ததும் ‘இது எங்க பழைய பதிவேடுதான்’ என்றேன். அடித்தது படிக்கத் தெரிகிறது. அடித்தவர் பெயர் இருக்கிறது. நிரலில் குப்பையும் சேர்வதில்லை. போனது போகவும் இல்லை. 200 வருஷத்துக்கு முன் பிரெஞ்சுக்காரன் மையால் செய்ததை இவர்கள் மின்சாரத்தால் செய்கிறார்கள்.

ஆக இளைஞர்களிடம் ஒழுங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் நிரலுக்கு இந்த ஒழுங்கை வைத்திருக்கிறார்கள். என் குறை வேறு. மனிதர்களின் பெயர் இருக்கும் பட்டியல்களுக்கு, சங்கமோ பஞ்சாயத்தோ சின்ன ஆபீசோ எதுவானாலும், நாம் அந்த ஒழுங்கை வைக்கவில்லை. நோட்டில் இருந்தபோது அடித்தல் கண்ணில் பட்டது. யார் அடித்தது என்று சண்டை போடவாவது முடிந்தது. கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பெயர்களை மாற்றினோம். அடித்தால் கையெழுத்துப் போடு என்ற வழக்கத்தை மாற்றவில்லை, அதைப் பழைய நோட்டோடு பரணில் போட்டுவிட்டோம். திரை எப்போதும் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தில் 11 குடும்பம் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது, வரிப் பணத்தோடு ஒருத்தி வந்து நிற்கும்வரை.

என் பட்டியலுக்கு இப்போது சில விதிகள் வைத்திருக்கிறேன். உங்களில் சங்கக் கணக்கு, கோயில் கணக்கு, குடியிருப்போர் பட்டியல் என்று எதையாவது கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

அழிப்பதற்கு முன் எல்லா மடிப்பையும் விரித்துவிடுங்கள். மடித்ததை அழிக்காதீர்கள்.

தொகுதியின் முதல் வரியிலிருந்து, அதே ஓரத்துக்குத் திரும்பும் அடுத்த வரிக்கு முன்வரை எது நீலமாகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வரி எண்ணைக் கழித்து எத்தனை வரி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘56 வரி’ என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்கும்.

இடம் மாறியவரை அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். கிழக்குத் தெரு போனது, மக்கள் போகவில்லை. வெட்டி எடுத்துப் புதுத் தெருவின் கீழ் ஒட்ட வேண்டியதை நான் அழித்தேன். தெருவுக்குள் மனிதர் இருந்தார்கள் என்பதால் தெருவோடு மனிதரும் போக வேண்டும் என்று இல்லை.

நிஜமாகவே நீக்க வேண்டியதை நீக்குங்கள், ஆனால் தேதி, காரணம், பெயர் மூன்றையும் தனியாக எழுதிவையுங்கள். கிட் தெரியாவிட்டால் 20 ரூபாய் நோட்டு போதும்.

புதுப் பட்டியலைப் பஞ்சாயத்தில் படித்தபோது, கிழக்குத் தெரு என்ற தலைப்பை நான் எடுக்கவில்லை. அதன் கீழ் யாரும் இல்லை. ‘கடல் கொண்டது, 11 தலைக்கட்டு மேற்கே சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரியை ஒரு டேப் உள்ளே தள்ளி எழுதியிருக்கிறேன். அரசியல் சட்டத்தில் எஃப் இருந்த இடம் போல அது இருக்கட்டும். நாளைக்கு யாராவது இப்படி ஒரு தெரு இருந்ததா என்று கேட்டால் பதில் இருக்கும்.

அந்தத் தங்கச்சியின் வரிப் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். திரையில் தன் பெயரைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. ‘இதா?’ என்று கேட்டாள். ‘இதுதான்’ என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘நோட்டுலயும் ஒரு வாட்டி எழுதி வையிண்ணே’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதி வைத்திருக்கிறேன்.